நஜ்ஜாஷி திருப்பியனுப்பிய தோலும் ஐரோப்பாவின் தராசும்

மரக்காணம் கடற்கரையில் இரு தொழில்கள் அருகருகே நடக்கின்றன. ஒன்று உப்பு, மற்றொன்று இறால். கிழக்குக் கடற்கரைச் சாலையின் ஓரமாக வெண்மை மின்னும் உப்புப் பாத்திகள் விரிந்து கிடக்கின்றன. அதே கரையோரத்தில் இறால் குஞ்சு பொரிப்பகங்களும், கழுவேலி நீர்நிலையை ஒட்டி இறால் பண்ணைகளும் இருக்கின்றன.

இந்த இறாலைப் பற்றி ஒரு செய்தி. இந்தியாவில் வளர்க்கப்படும் இறால் ஐரோப்பிய ஒன்றியத்துக்குப் போக வேண்டுமானால், குளத்திலிருந்து பிடிக்கும் முன்பே எம்பெடா எனப்படும் கடல்பொருள் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையத்தின் ஆய்வகத்தில் சோதனை செய்து சான்று பெற வேண்டும். குளோராம்ஃபெனிகால், நைட்ரோஃபியூரான் போன்ற மருந்துகளின் எச்சம் அதன் உடலில் இருக்கக் கூடாது. அத்தோடு முடிவதில்லை. ஐரோப்பியத் துறைமுகத்தில் இறங்கியதும் மறுபடியும் சோதனை. முன்பு நூறு சரக்குகளுக்குப் பத்து என்ற அளவில் மாதிரி எடுத்தார்கள். 2016இல் அதை ஐம்பதாக உயர்த்தினார்கள். இரண்டு சரக்குகள் போனால் ஒன்று சோதிக்கப்படும்.

பக்கத்து உப்புப் பாத்தியில் நிற்கும் பெண்ணின் உடலைப் பற்றி இப்படி யாரும் கேட்பதில்லை. செறிந்த உப்புநீரில் நாளெல்லாம் நின்று பாதம் வெடித்துப் புண்ணாகிறது. வெயிலும் உப்பின் வெண்மையும் சேர்ந்து கண்ணைக் கூசச் செய்கின்றன. நிழலும் குடிநீரும் கழிப்பிடமும் எட்டாத தொலைவில் இருக்கின்றன. வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் வேலையும் இல்லை, கூலியும் இல்லை. மழைக்காலத்துக்கு மாநில அரசு வழங்கும் 5,000 ரூபாய் நிவாரணம் ஆறுதலானதே. ஆயினும் ஒரு குடும்பத்தின் மூன்று மாத அடுப்புக்கு அது போதாது.

உப்பளத் தொழிலாளர் நலம் நம் அரசுகளின் கடமை. அதைக் கேட்க ஐரோப்பாவுக்குப் போக வேண்டியதில்லை. எனினும் உப்பின் பயணத்தைச் சற்றுப் பின்தொடர்ந்தால் ஐரோப்பா குறுக்கே வருகிறது. பச்சைத் தோல் அழுகாதிருக்க முதலில் பூசப்படுவது உப்பு. பருத்தித் துணியில் சாயம் ஏறுவதற்குச் சாயத் தொட்டியில் கொட்டப்படுவதும் உப்பு. தமிழகக் கடற்கரையில் வாரிய உப்பில் ஒரு பகுதி ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை, திருப்பூர் வழியாகக் காலணியாகவும் பின்னலாடையாகவும் ஐரோப்பியக் கடைகளுக்குப் போய்ச் சேருகிறது. அந்தச் சங்கிலியின் மறுமுனையில் இருக்கும் அரசுகளிடம், மனித உரிமைக் கொள்கையைத் தளர்த்தாதீர்கள், வலுப்படுத்துங்கள் என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. அவ்வாறு கேட்பது நம் மார்க்கத்துக்கு உகந்தது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

உப்புக்கு எழுதப்பட்ட பழைய ஒப்பந்தம்

ஐரோப்பிய அரசுகளின் கை இந்தக் கரைக்குப் புதிதன்று. மரக்காணத்துக்குச் சற்று வடக்கே கடலோரம் சிதைந்து நிற்கும் ஆலம்பரைக் கோட்டை, முகலாயர் ஆட்சிக் காலத்தில் எழுந்தது. 1750இல் பிரெஞ்சு ஆளுநர் துப்ளேயின் கைக்குப் போனது. 1760இல் ஆங்கிலேயரால் இடிக்கப்பட்டது. நெப்போலியனின் போர்கள் முடிந்த பின் இரு அரசுகளும் உப்பைப் பற்றிப் பேசி முடித்தன. 1815 உடன்படிக்கையின்படி பிரெஞ்சுக் குடியேற்றங்களில் விளையும் உப்பை வாங்கும் தனியுரிமை கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போனது. 1818இல் புதுச்சேரி, காரைக்கால் பகுதிகளில் உப்பு விளைவிப்பதையே பிரெஞ்சு அரசு கைவிட்டது. அதற்கு ஈடாக ஆண்டுக்கு 4,000 நட்சத்திர வராகன் தர ஆங்கிலேயர் இசைந்தனர்.

இந்த ஒப்பந்தத்தில் இரண்டே தரப்பினர்: பாரிசும் லண்டனும். உப்பை வாரிய மக்கள் எந்தத் தரப்பும் அல்லர். தொலைவில் அமர்ந்து எழுதப்படும் வணிக ஏட்டில், உழைப்பவர் பெயருக்கு இடமில்லாமல் போவது அன்றே தொடங்கிவிட்டது.

அபிசீனியாவின் அவையில்

இனி நம் வரலாற்றின் ஓர் அவைக்கு வருவோம். நபித்துவத்தின் ஐந்தாம் ஆண்டு. மக்காவில் கொடுமை தாங்க முடியாமல் போனபோது, அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தம் தோழர்களை அபிசீனியாவுக்குச் செல்லுமாறு பணித்தார்கள். அந்நாட்டு மன்னர் நஜ்ஜாஷி அன்று கிறித்தவர். அவருடைய ஆட்சியில் எவரும் அநீதி இழைக்கப்படுவதில்லை என்பதே அந்த நாட்டைத் தேர்ந்தெடுக்கக் காரணம். மதம் வேறு, மொழி வேறு, நிறம் வேறு. நீதி ஒன்றைக் கொண்டு அந்த நாடு மதிப்பிடப்பட்டது.

பின்னாளில் குறைஷிகள் இரண்டு தூதர்களை அனுப்பினார்கள். அம்ரு இப்னுல் ஆஸும் அப்துல்லாஹ் இப்னு அபீரபீஆவும் அபிசீனியர் பெரிதும் விரும்பிய மக்கத்துத் தோல் பொருள்களைச் சுமந்து சென்றார்கள். மன்னருக்கு ஒரு பங்கு. அவையிலிருந்த ஒவ்வொரு பெரியவருக்கும் ஒரு பங்கு. அகதிகளின் பேச்சைக் கேட்காமலேயே அவர்களை ஒப்படைக்கச் செய்ய வேண்டும் என்பது திட்டம். அன்று அங்கிருந்த அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்களே இந்நிகழ்ச்சியை நமக்கு அறிவித்திருக்கிறார்கள்.

நஜ்ஜாஷி இசையவில்லை. அவர்களை அழைத்துக் கேட்காமல் ஒப்படைக்க முடியாது என்றார். ஜஃபர் இப்னு அபீதாலிப் (ரலி) அவர்கள் அவையில் எழுந்து, வலியவன் எளியவனை விழுங்கிய அறியாமைக் காலத்தைச் சொன்னார்கள். உண்மையையும் அமானிதத்தையும் உறவைப் பேணுவதையும் கற்பித்த நபியைச் சொன்னார்கள். தாங்கள் பட்ட கொடுமையைச் சொல்லிப் பாதுகாப்புக் கேட்டார்கள். விசாரணை முடிந்ததும் மன்னர் அந்தத் தோல் பொருள்களைத் தூதர்களிடமே திருப்பியனுப்பிவிட்டார்.

இந்த நிகழ்ச்சியில் நமக்கு மூன்று பாடங்கள் உண்டு. அந்நிய நாட்டு அரசிடம் நீதி கேட்பது இழிவன்று, சஹாபாக்கள் கேட்டிருக்கிறார்கள். பாதிக்கப்பட்டவரின் சொல்லைக் கேட்ட பிறகே ஆட்சியாளர் முடிவெடுக்க வேண்டும். வணிகப் பண்டத்தின் கவர்ச்சி நீதியை விலைக்கு வாங்கிவிடக் கூடாது. ஐரோப்பிய அரசுகளிடம் இன்று நாம் கேட்பதும் இவைதாம்.

சட்டத்துக்கு எட்டும் தொலைவு

ஐரோப்பாவில் இயற்றும் சட்டம் ஆம்பூரில் என்ன மாற்றத்தைச் செய்துவிடும் என்று கேட்பவர் உண்டு. தோல் தொழிலில் இருக்கும் நம் பெரியவர்களைக் கேட்டால் விடை கிடைக்கும். தோலில் பூஞ்சை பிடிக்காதிருக்கப் பென்ட்டாகுளோரோஃபீனால் என்ற மருந்தை முன்பு பயன்படுத்தினார்கள். 1989இல் ஜெர்மனி அதைத் தடை செய்தது. 1994இல் சிலவகை அஸோ சாயங்களையும் தடை செய்தது. பாலாற்றங்கரையின் பதனிடும் தொழிற்சாலைகள் திகைத்தன. பின்னர் சென்னை அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் துணையோடு மாற்று மருந்துகளுக்கு மாறின. ஜெர்மனியில் ஒரு சட்டம் மாறியதும் வாணியம்பாடித் தொட்டியில் ஊற்றும் மருந்து மாறியது.

அந்தச் சட்டம் காத்தது ஜெர்மானியரின் பாதத்தை. பதனிடும் தொட்டிக்குள் இறங்குபவரின் பாதத்தைக் காக்க அதே வலிமை பயன்படவில்லை. வலிமை இல்லாமலில்லை, யாருக்காகப் பயன்படுத்துவது என்பதில்தான் குறை.

இலங்கை இன்னோர் எடுத்துக்காட்டு. 27 அனைத்துலக உடன்படிக்கைகளைப் பேணினால் ஏற்றுமதிக்கு வரிச்சலுகை என்ற ஜிஎஸ்பி பிளஸ் திட்டத்தை ஐரோப்பிய ஒன்றியம் அந்நாட்டுக்கு அளித்திருந்தது. உரிமைகள் பேணப்படவில்லை என்று 2010 ஆகஸ்டில் நிறுத்தி, 2017 மே மாதத்தில் மீண்டும் வழங்கியது. பின்னர் கொரோனாக் காலம் வந்தது. உலக சுகாதார நிறுவனம் அடக்கம் செய்யலாம் என்று சொல்லியிருந்தும், 2020 ஏப்ரல் முதல் முஸ்லிம் ஜனாஸாக்களும் வலிந்து எரிக்கப்பட்டன. பிறந்து இருபதே நாளான குழந்தையின் உடலும் தப்பவில்லை. உலகெங்கும் எழுந்த கண்டனத்தின் பின் 2021 பிப்ரவரியில் அந்த ஆணை விலக்கப்பட்டது. அதே காலத்தில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ் வழக்கறிஞர் ஹிஜாஸ் ஹிஸ்புல்லாஹ்வும், தமிழில் கவிதை எழுதியதற்காக ஆசிரியர் அஹ்னாஃப் ஜஸீமும் சிறையில் இருந்தார்கள். 2021 ஜூன் 10 அன்று ஐரோப்பிய நாடாளுமன்றம் அந்தச் சட்டத்தை நீக்கக் கோரித் தீர்மானம் இயற்றியது. வரிச்சலுகையை மறுஆய்வு செய்யவும் கோரியது. அவ்வாண்டு டிசம்பரில் ஜஸீமுக்கும், 2022 பிப்ரவரியில் ஹிஸ்புல்லாஹ்வுக்கும் பிணை கிடைத்தது. ஜஸீம் 2023இல் குற்றமற்றவர் என விடுவிக்கப்பட்டார். சட்டத்துக்கோ 2022இல் திருத்தம் மட்டுமே வந்தது. இவற்றுக்கு ஐரோப்பா மட்டுமே காரணம் என்று சொல்வது மிகையாகும். வழக்கறிஞர்களும் குடும்பத்தாரும் உள்நாட்டில் போராடினார்கள். ஆனால் ஆடை ஏற்றுமதியை நம்பியிருக்கும் அரசு, தன்னை ஐரோப்பா கவனிக்கிறது என்று அறிந்தபோது செவிசாய்த்தது.

திண்டுக்கல்லும் ஒரு சான்று. 2021 சனவரியில் ஆடைத் தொழிற்சாலையில் பணிபுரிந்த தலித் பெண் ஒருவர் மேற்பார்வையாளரால் கொல்லப்பட்டார். பெண் தொழிலாளர் சங்கத்தின் போராட்டத்துக்குப் பின், 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தம் பிறந்தது. தொழிற்சாலை நிறுவனமும், ஸ்வீடனின் எச் அண்ட் எம் உள்ளிட்ட வெளிநாட்டு வாங்குபவர்களும் அதில் கட்டுண்டார்கள். பாலியல் தொல்லையைக் கண்காணிக்கத் தொழிலாளர் நடுவிலிருந்தே பெண்கள் பயிற்சி பெற்றார்கள். தன்னார்வ வாக்குறுதி சாதிக்காததை, மீறினால் வணிகம் இழக்க நேரும் என்ற கட்டுப்பாடு சாதித்தது.

எழுதிய சட்டத்தை அழிக்கும் கை

2013 ஏப்ரல் 24 அன்று டாக்கா அருகே ராணா பிளாசா இடிந்து 1,100க்கும் மேற்பட்ட ஆடைத் தொழிலாளர் மாண்டனர். அந்த நினைவு நாளிலேயே, 2024 ஏப்ரல் 24 அன்று, ஐரோப்பிய நாடாளுமன்றம் ஒரு சட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. பெருநிறுவனங்கள் தங்களுக்குப் பொருள் வந்து சேரும் சங்கிலி முழுவதிலும் மனித உரிமை மீறலையும் சுற்றுச்சூழல் கேட்டையும் தேடிக் கண்டறிந்து தடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். 1,000 ஊழியருக்கும் 45 கோடி யூரோ விற்பனைக்கும் மேற்பட்ட நிறுவனங்களை அது கட்டுப்படுத்தியது. தவறினால் பாதிக்கப்பட்டவர் ஐரோப்பிய நீதிமன்றத்தில் இழப்பீடு கேட்கலாம். அதற்குக் குறைந்தது ஐந்தாண்டுக் கால வரம்பு இருக்க வேண்டும் என்றும் சொன்னது. இதற்கு முன்னோடியாக, 2017இல் பிரான்சு விழிப்புக் கடமைச் சட்டம் கொண்டுவந்தது. உப்பு ஒப்பந்தம் எழுதிய அதே பாரிஸ், இருநூறு ஆண்டு கழித்துத் தொலைதூரத் தொழிலாளியைத் தன் சட்டத்துக்குள் சேர்த்ததை நாம் பாராட்ட வேண்டும். ஜெர்மனியின் சட்டம் 2023 சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது.

ஐந்தாண்டு வரம்பு ஏன் முக்கியம்? 2012 செப்டம்பரில் கராச்சியின் ஆடைத் தொழிற்சாலை தீப்பற்றி 250க்கும் மேற்பட்டோர் கருகினார்கள். அங்கே தைத்த ஆடைகளை முதன்மையாக வாங்கியது ஜெர்மனியின் கிக் நிறுவனம். உயிர் தப்பிய ஒருவரும், பிள்ளைகளை இழந்த பெற்றோரும் டார்ட்மண்ட் நீதிமன்றம் வரை சென்று வழக்காடினார்கள். 2019 சனவரியில் வழக்கு தள்ளுபடியானது. பாகிஸ்தான் சட்டப்படி காலம் கடந்துவிட்டது என்பது காரணம். நிறுவனம் ஒரு தொகையை இழப்பீடாகத் தந்தது உண்மை. ஆயினும் அந்த நிறுவனத்தின் பொறுப்பு என்ன என்ற கேள்விக்கு அந்தத் தாய்மார்களுக்கு எந்த நீதிமன்றமும் விடை சொல்லவில்லை.

இந்த அனுபவத்திலிருந்து பிறந்த சட்டத்தைத்தான் மை உலருமுன் திருத்தத் தொடங்கினார்கள். 2025 பிப்ரவரியில் ஐரோப்பிய ஆணையம், சுமையைக் குறைத்தல் என்ற பெயரில் ஒரு திருத்தத் தொகுப்பை வைத்தது. உரிய கலந்தாய்வு இல்லாமல் அவசரமாக இதைத் தயாரித்தது நிர்வாகக் குறைபாடு என்று ஒன்றியத்தின் குறைகேள் அதிகாரியே அவ்வாண்டு நவம்பரில் முடிவுரைத்தார். பேசுவதைக் கேட்காமல் ஒப்படைக்க மாட்டேன் என்ற நஜ்ஜாஷியை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. 2025 டிசம்பரில் எட்டிய உடன்பாட்டில் வரம்பு 5,000 ஊழியர், 150 கோடி யூரோ என்று உயர்ந்தது. நடைமுறைக்கு வரும் நாள் 2029 சூலைக்குத் தள்ளிப்போனது. ஒன்றியம் முழுவதற்கும் பொதுவாயிருந்த இழப்பீட்டுப் பொறுப்பு விதி நீக்கப்பட்டது. அது ஒவ்வொரு நாட்டின் விருப்பத்துக்கு விடப்பட்டது.

இறாலுக்கான சோதனையைப் பத்திலிருந்து ஐம்பதாக உயர்த்தியபோது சுமை என்று யாரும் சொல்லவில்லை. உண்பவரின் உடல்நலம் சுமையாகத் தோன்றவில்லை. உழைப்பவரின் உயிர் சுமையாகத் தோன்றுகிறது.

இரண்டு தராசு

அளவையில் மோசடி செய்வோரைப் பற்றி அல்குர்ஆனில் ஒரு தனி அத்தியாயமே உண்டு: அல்முதஃப்பிஃபீன். தமக்கு அளந்து வாங்கும்போது நிறைவாகப் பெற்றுக்கொண்டு, பிறருக்கு அளக்கும்போது குறைப்பவரை அது கடுமையாக எச்சரிக்கிறது. ஷுஐப் (அலை) அவர்கள் மத்யன் மக்களிடம் மன்றாடியதும் நேர்மையான அளவைக்காகவே. நெல்லுக்கும் எண்ணெய்க்கும் மட்டும் உரியதன்று இந்தப் போதனை.

ஐரோப்பாவின் இரட்டைத் தராசை நம் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. இஸ்ரேலோடு ஐரோப்பிய ஒன்றியம் செய்துள்ள ஒப்பந்தத்தின் இரண்டாம் பிரிவு, மனித உரிமையை மதிப்பது உறவின் அடிப்படை என்கிறது. அந்தப் பிரிவு மீறப்பட்டதற்கான அறிகுறிகள் உள்ளன என்று ஒன்றியத்தின் சொந்த ஆய்வே 2025 சூனில் கூறியது. செப்டம்பரில் வணிகச் சலுகையை நிறுத்த ஆணையம் முன்மொழிந்தும் உறுப்பு நாடுகளிடையே போதிய ஆதரவு திரளவில்லை. காஸாவின் குழந்தைகள் எந்தத் தட்டில் வைக்கப்பட்டார்கள் என்பதை உலகம் பார்த்தது. அகதிகள் செய்தியும் அப்படித்தான். தற்காலிகப் பாதுகாப்புக்கான விதியை 2001இலேயே எழுதி வைத்திருந்தார்கள். 2015இல் சிரிய அகதிகள் கடலில் மூழ்கியபோது அது உறையிலேயே இருந்தது. 2022 மார்ச்சில் உக்ரைன் மக்களுக்காக முதன்முறையாக வெளியே எடுத்தார்கள். உக்ரைனியருக்குச் செய்தது நன்மையே. மற்றவருக்கு மறுத்தது அநீதி.

இத்தகையவரிடம் நீதி கேட்பதில் என்ன பொருள் என்று இளைஞர்கள் சினத்தோடு கேட்கிறார்கள். அவர்களின் சினம் நியாயமானது, முடிவுதான் பொருத்தமற்றது. குறைத்து அளக்கும் வணிகரிடம் போய் தராசையே உடைத்தெறி என்று நாம் சொல்வதில்லை. உனக்கு அளந்த அதே படியால் எனக்கும் அள என்கிறோம். மனித உரிமைச் சட்டம் வேண்டாம் என்று நாமே சொல்லிவிட்டால், மகிழ்பவர்கள் அச்சட்டத்தை அழிக்க முனைவோரே.

நபித்துவத்துக்கு முன் மக்காவில் நடந்த ஹில்ஃபுல் ஃபுளூல் உடன்படிக்கையும் இதற்கு வழிகாட்டும். யமன் நாட்டு வணிகர் ஒருவரின் சரக்கை வாங்கிக்கொண்டு மக்காவின் செல்வாக்கு மிக்க ஒருவர் விலை தர மறுத்தார். அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆனின் இல்லத்தில் குலத்தலைவர்கள் கூடி, அநீதி இழைக்கப்பட்டவர் யாராயினும் அவருக்குத் துணை நிற்போம் என்று உறுதி பூண்டார்கள். இளைஞராயிருந்த நம் நாயகம் (ஸல்) அதில் பங்கேற்றார்கள். இஸ்லாம் வந்த பிறகும் அத்தகைய உடன்படிக்கைக்கு அழைத்தால் இசைவேன் என்று பின்னாளில் கூறினார்கள். கூடியவர்களின் கொள்கை முழுவதும் தூயதா என்று பார்க்காமல், செய்த உறுதி நீதியானதா என்று பார்த்தார்கள்.

விலையைக் குறைத்துக்கொண்டு சான்றிதழ் கேட்பவர்

இன்னோர் எதிர்வாதம் தொழில் செய்யும் நம் சகோதரர்களிடமிருந்து வருகிறது. உரிமை என்ற பெயரில் ஐரோப்பியர் வணிகத் தடை எழுப்புகிறார்கள். தணிக்கைச் செலவு முழுவதும் எங்கள் தலையில் விழுகிறது. வாங்குபவர் ஒரு கையால் நிபந்தனைப் பட்டியலை நீட்டி, மறு கையால் விலையைக் குறைக்கிறார் என்கிறார்கள். இதில் உண்மை இருக்கிறது. கட்டுப்படியாகாத விலைக்குச் சரக்கைக் கேட்டுவிட்டு, தொழிலாளிக்கு நல்ல கூலி கொடுத்தாயா என்று விசாரிப்பவரும் முதஃப்பிஃபீன் கூட்டத்தைச் சேர்ந்தவரே.

ஆகவேதான் சட்டம் வாங்குபவரையே கட்ட வேண்டும். 2024இன் சட்டம் நிறுவனங்கள் தங்கள் கொள்முதல் முறையையும் திருத்த வேண்டும் என்று எழுதியது. விலை, கெடு, திடீர் ஆணை ரத்து ஆகியவையும் மனித உரிமைச் செய்திகளே என்பது அதன் உட்பொருள். இந்தப் பகுதியை வலுப்படுத்தினால் நேர்மையான ஏற்றுமதியாளருக்குத்தான் ஆதாயம். கூலியைத் திருடி விலையைக் குறைப்பவரோடு அவர் போட்டியிட வேண்டிய நிலை மாறும்.

நம் படியையும் பார்ப்போம்

பிறரின் தராசைப் பற்றிப் பேசுபவர் தம் படியை மறைத்து வைக்க முடியாது. தமிழகத் தோல் தொழிலில் நம் சமுதாயத்தின் பங்கு பெரிது. அந்தச் செல்வத்தில் எழுந்த மதரசாக்களும் கல்லூரிகளும் மருத்துவமனைகளும் பல. அதே தொழிலின் கழிவு பாலாற்றை என்ன செய்தது என்பதற்கு உச்ச நீதிமன்றத்தின் 1996 தீர்ப்பும் 2025 சனவரித் தீர்ப்பும் சான்று. 2015 சனவரி 31 அன்று இராணிப்பேட்டையில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்தது. அருகே உறங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர் கழிவுச் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைப்புக்கு வந்தவர்கள்.

ஆம்பூர் வட்டாரத்தில் காலணியின் மேற்பகுதியை வீட்டிலிருந்தே கையால் தைக்கும் பெண்கள் இருக்கிறார்கள். அவர்களில் நம் சகோதரிகளும் உண்டு. ஜோடிக் கணக்கில் கூலி. வைப்புநிதி இல்லை, மருத்துவக் காப்பீடு இல்லை. தொழிற்சாலைக்கு வரும் வெளிநாட்டுத் தணிக்கையாளரின் பார்வையில் இவர்கள் படுவதேயில்லை. வியர்வை உலருமுன் கூலி கொடுக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. வேலையை முழுமையாக வாங்கிக்கொண்டு கூலியைக் கொடுக்காதவருக்கு எதிராக மறுமையில் தானே வழக்காடுவதாக அல்லாஹ் அறிவித்திருப்பதை ஜும்ஆ மேடைகளில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். பிரஸ்ஸல்ஸ் கேட்கிறதோ இல்லையோ, அந்த விசாரணை உறுதியானது.

கோரிக்கை

வெட்டிக் குறைத்த சட்டத்தையேனும் 2028 சூலைக்குள் தம் நாட்டுச் சட்டமாக எழுத வேண்டிய பொறுப்பு 27 அரசுகளிடம் இருக்கிறது. வாசல் முழுவதும் மூடிவிடவில்லை. பாதிக்கப்பட்டவர் இழப்பீடு கேட்கும் உரிமையையும், அதற்குப் போதிய கால வரம்பையும் ஒவ்வொரு அரசும் தன் சட்டத்தில் சேர்க்கலாம். வீட்டிலிருந்து தைக்கும் பெண்வரை சங்கிலியின் கடைசிக் கண்ணியைக் கணக்கில் கொள்ளலாம். கொள்முதல் விலையை விசாரணைக்குள் கொண்டுவரலாம். கட்டாய உழைப்பில் உருவான பொருள்களைத் தடுக்கும் விதி 2027 டிசம்பரில் நடைமுறைக்கு வருகிறது. அதைத் தளர்த்தாமல் காக்கலாம். எந்த நாட்டோடு செய்த ஒப்பந்தமாயினும் மனித உரிமைப் பிரிவை ஒரே அளவாகப் பயன்படுத்தலாம். இலங்கைக்கு ஓர் அளவு, இஸ்ரேலுக்கு வேறோர் அளவு என்றிருந்தால் இரண்டுமே மதிப்பிழக்கும்.

இதைக் கேட்க நம்மில் தகுதியானவர்கள் இருக்கிறார்கள். புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் சென்று பிரெஞ்சுக் குடியுரிமையோடு வாழும் குடும்பங்கள் நம் ஜமாஅத்துகளில் எத்தனையோ. அவர்கள் அங்கே வாக்காளர்கள். தம் தொகுதிப் பிரதிநிதிக்கு அவர்கள் எழுதும் ஒரு பக்கக் கடிதம், இங்கிருந்து நாம் எழுப்பும் நூறு முழக்கங்களைவிட வலிமையானது. விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது அவர்களிடம் இதைப் பேசுங்கள். ஏற்றுமதித் தொழிலில் இருப்பவர்கள் தங்கள் சங்கங்களின் வழியாக, சட்டத்தைக் கைவிடுங்கள் என்பதற்குப் பதில், விலையையும் அதில் சேருங்கள் என்று கேட்கட்டும். ஜமாஅத் நிர்வாகிகள் தம் மஹல்லாவில் வீட்டிலிருந்து தைக்கும் பெண்களின் கணக்கை எடுத்து, அமைப்புசாராத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்ய உதவட்டும். மரக்காணம் கரையில் உப்பு வாருவோருக்கு நிழலும் குடிநீரும் மழைக்காலக் கஞ்சியும் கேட்டு அரசிடம் மனு எழுதுவதில் நாமும் கையொப்பமிடலாம். அவர்களுள் பெரும்பாலோர் வேறு சமயத்தவர் என்பது நம்மைத் தடுக்கக் கூடாது. அபிசீனியாவில் நம்மவரைக் காத்த மன்னர் சமயம் பார்க்கவில்லை.

நஜ்ஜாஷி இறந்த செய்தி மதீனாவை எட்டியபோது அண்ணலார் (ஸல்) அவருக்காக மறைவான ஜனாஸாத் தொழுகை நடத்தினார்கள். நீதி செய்த ஆட்சியாளருக்குக் கிடைத்த சிறப்பு அது. வந்த பரிசைத் திருப்பியனுப்பும் துணிவை இன்றைய ஆட்சியாளருக்கும், அவர்கள் முன் நின்று உண்மையை உரைக்கும் துணிவை நமக்கும், நம் கையிலுள்ள படியை நிறைத்து அளக்கும் உள்ளத்தை நம் வணிகர்களுக்கும் வல்ல அல்லாஹ் அருள்வானாக. ஆமீன்.